ஒரு பேட்டரி நிழல்

ஒரு ஊரில் இரண்டு சகலைகள் இருந்தார்கள் என்று ஆரம்பித்தாலே பாதிக் கதை உங்களுக்குப் புரிந்துவிடும். ஊர் செங்காட்டுப்பொட்டல்; அக்காளைக் கட்டியவர் ஞானசிகாமணி, தங்கச்சியைக் கட்டியவன் பூவலிங்கம்; மாமனார் வீட்டுப் பந்தியில் யார் இலையில் முதல் அப்பளம் விழுந்தது என்பதில் தொடங்கி, யார் பேச்சுக்கு மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் என்பது வரைக்கும் ஞானசிகாமணி மனசுக்குள் ஒன்று விடாமல் குறித்து வைத்திருந்தார். பூவலிங்கமோ அப்படி ஒரு போட்டி நடப்பதே தெரியாமல் இரண்டாம் தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருப்பான். போட்டி நடப்பது தெரியாதவனிடம் தோற்பதைப் போல வயிற்றெரிச்சல் உலகத்தில் வேறு உண்டா, சொல்லுங்கள்.

ஞானசிகாமணியை ஊரில் பல்செட்டு அண்ணாச்சி என்பார்கள். பஜாரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் உட்கார்ந்து, டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்செட்டுக் கட்டுகிறவர். அவர் கட்டிய பல்லைப் போட்டுக்கொண்டு கரும்பு கடித்தவர்களெல்லாம் உண்டு. அப்படிப்பட்ட கை சும்மா இருந்த நேரத்தில் ஒரு சண்டை விமானத்தைச் செய்தது. ஊருக்கு வடக்கே, உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் சிமெண்டு போட்டு மெழுகிவிட்டுப் போன ரன்வே ஒன்று கிடக்கிறது, சண்டை முடிந்து விமானம் எல்லாம் போன பிறகு அதில் மிளகாய் வத்தல் காயப்போடுகிறார்கள். அந்த ரன்வேயில் அந்தக் காலத்தில் நின்ற ஹரிக்கேன் என்கிற விமானத்தைத்தான், நிஜத்தில் ஆறில் ஒரு பங்கு அளவில், பால்சா என்கிற லேசான மரத்தில் எலும்பு எலும்பாகச் செதுக்கி, மேலே தோல் போர்த்தி, ரெக்கையின் ஒவ்வொரு ஆணித்தலைக்கும் ஊசிமுனையில் ஒரு சொட்டுப் பசை வைத்து, வருஷக்கணக்கில் உட்கார்ந்து செய்தார். உள்ளே உட்கார்ந்திருந்த பைலட் பொம்மைக்கு வாய்க்குள் முப்பத்திரண்டு பல்லும் கட்டியிருந்தார், அந்த வாய் திறக்காது என்பது வேறு விஷயம்.

அதை முதன்முதலாக ரிமோட்டில் பறக்கவிட்ட அன்று ஊரே கழுத்து வலிக்கப் பார்த்தது. ரன்வேயில் அப்பா வீட்டு மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி செண்பகவடிவும் நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு வெயில் ஆகாது, ஒற்றைத் தலைவலிக்காரி, துணியைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் களத்துக்கே வருவாள். அந்தக் கட்டோடு நிமிர்ந்து, அழகா இருக்குங்க என்று சொன்னாள். கல்யாணமானதிலிருந்து அவர் செய்த எதையும் அவள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது பூவலிங்கம். தட்டி முடித்து, கையிலிருந்த போண்டாவைக் கடித்துக்கொண்டே விமானத்தை இப்படியும் அப்படியும் சாணால் அளந்து பார்த்துவிட்டு, இது மாதிரி நானும் ஒண்ணு செய்யட்டுமா அண்ணாச்சி என்று கேட்டான். செய்யேன், யார் வேண்டாம்னா என்றார் ஞானசிகாமணி, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு. அவன் பறக்கவிட்டதும் மூக்குக் குத்தி விழவேண்டும் என்று உள்ளுக்குள் மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார்.

பூவலிங்கத்துக்கு ஃப்ளெக்ஸ் போர்டு கடை. பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, புதுமனை புகுவிழா என்று அடித்ததில் மிஞ்சிப்போன சன்போர்டு என்கிற நுரைப்பலகைத் துண்டுகளைக் கத்தியால் கீறி, சுடுபசை வைத்து ஒட்டி, ஒரே வாரத்தில் ஒரு ஹரிக்கேனைச் செய்து முடித்துவிட்டான். பெயிண்டு கிடையாது, எந்த போர்டோ அந்தப் படம் அப்படியே இருந்தது. இடது ரெக்கை வலதைவிட ஒரு சாண் குட்டை. ஏன் இப்படி என்று கேட்டால், பலகை தீந்துபோச்சு அண்ணாச்சி என்றான். அந்தக் குட்டை ரெக்கையின் அடிப்பக்கத்தில் மாமனாரின் அறுபதாம் கல்யாண போர்டின் ஓரம் வந்திருந்தது. அந்த போர்டில் நடுவில் பூவலிங்கமும் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஞானசிகாமணியும் நின்றிருந்தார்கள் என்பது அந்த விசேஷத்துக்குப் போன எல்லாருக்கும் தெரியும். நடு போன இடம் தெரியவில்லை, ஞானசிகாமணியின் அரை முகம் மட்டும் ரெக்கைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆயுதபூஜையன்று செங்காட்டுப்பொட்டலில் வண்டி என்று பெயர் உள்ள எல்லாமும் ரன்வேக்கு வந்துவிடும். லாரி, டிராக்டர், மினிபஸ், மூன்று சக்கர சைக்கிள் வரைக்கும் வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுப்பார்கள். அந்த வரிசையில் இரண்டு ஹரிக்கேனும் நின்றன. ஞானசிகாமணி தன் விமானத்தின் பெயிண்டில் சந்தனம் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். பூவலிங்கம் தன் விமானத்துக்கு மூக்கில் பெரிதாகப் பொட்டு வைத்து, பழம் வைத்து உருட்டினான், விமானத்துக்குக் கனம் இல்லாததால் பழம் நசுங்கவில்லை, குனிந்து கையால் நசுக்கிவிட்டு எல்லாரோடும் சேர்ந்து சிரித்தான். அதற்குப் பிறகு மிக்ஸியில் சட்னி அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு அந்த நொண்டி விமானம் ஒருச்சாய்ந்து எழும்பிப் பறந்தது.

மேலே பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே குனிந்து மிளகாய் கிளறிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது, ஏனென்றால் களத்தின் மேற்குக் கோடியிலிருந்து ஒரு நிழல் வந்தது, ஒரு வீட்டளவு நிழல், மூக்கும் வாலும் இரண்டு பக்க ரெக்கையும் உள்ள நிஜ விமானத்தின் நிழல், சண்டைக்குப் போகிற விமானத்தின் முழு அளவு நிழல், அது மிளகாய்க் குவியல்கள் மேலும் சாக்குகள் மேலும் குனிந்த முதுகுகள் மேலும் ஈரத்துணி போட்ட மாதிரி ஏறிக் கடந்து போனது. கடந்துபோன பிறகும் அந்தக் குளிர்ச்சி உடம்பில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. களத்து வேலைக்காரி ஆவுடையம்மாள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் தண்டிக்குத் தெரிந்த விமானத்தையும் தன் காலடியில் இருந்த நிழலையும் ஒருமுறை பார்த்தாள்.

"ஏய்யா பூவலிங்கம், இந்தப் பக்கமா இன்னொரு வாட்டி வந்துட்டுப் போய்யா."

அவ்வளவுதான், வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் வந்துவிட்டுப் போனான். பேட்டரி தீருகிற மட்டும் சுற்றினான். மறுநாள் காலையில் அவன் கடை வாசலில் பத்துப் பெண்கள் நின்றார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஊர் நிழலை எப்படிப் பழக்கிக்கொண்டது என்பதைத்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் நிழல் எப்படி வந்தது என்று அங்கே யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. சண்டைக் காலத்தில் நின்ற விமானம் அவசரத்தில் நிழலை எடுக்காமல் போயிருக்கும், இப்போது கேட்க ஆள் வந்ததும் எழுந்து வந்திருக்கும் என்றார் டீக்கடைக்காரர். எலுமிச்சம்பழத்தைக் கையால் நசுக்கினதுதான் விசேஷம் என்றார் பூசாரி. இரண்டும் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு ஊர் அடுத்த வேலையைப் பார்த்தது. குவியல்களை நீளவரிசையில் போட்டால் நிழல் எல்லார்மேலும் வராது என்று வட்டமாகப் போட ஆரம்பித்தார்கள், வட்டத்தின் மேலேயே பூவலிங்கம் சுற்றிச் சுற்றி ஓட்டினான், முந்தின சுற்றின் குளிர்ச்சி தீருவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைக்கிற ஊர் அது, நிழலுக்கும் முறை வைத்தது; ஒரு தடவை ஏற்றிய பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குமோ அது ஒரு பேட்டரி நிழல், அதில் பாதி அரை பேட்டரி. நேற்று நடுவில் காற்று வந்து இறக்கிவிட்டீர்கள், எனக்கு அரை பேட்டரி பாக்கி என்று கீழத்தெருவும் மேலத்தெருவும் சண்டை போட்டுக்கொண்டன, சண்டையைத் தீர்க்க ஒரு கமிட்டி வந்தது, கமிட்டிக்குள் சண்டை வந்தது.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு வெயிலில் வந்தால் மேலே விமானம் வந்தது. துட்டி வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னால் அதற்கும் போனான். இறந்தவருக்கு நிழல் எதற்கு என்று கேட்டவன் வாயை, தூக்குறவனுக்கு வேண்டாமாடே என்று ஊர் அடைத்தது. முளைப்பாரி எடுத்துவந்த பெண்கள் செருப்பில்லாத காலோடு நிழலுக்குள் கால் வைத்து நடந்தார்கள். ஆடுகள் நிழலோடு சேர்ந்து வட்டமாக மேயப் பழகின. குழந்தைகள் அழுதால் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார்கள். கோயிலில் பூவலிங்கத்துக்குப் பரிவட்டம் கட்டினார்கள், அவன் அது நெற்றியில் நிற்காமல் கண்ணில் விழுந்ததற்குச் சிரித்துக்கொண்டு நின்றான்.

ஞானசிகாமணியின் விமானமும் பறக்காமல் இல்லை. அது வானத்தில் கோடு போட்ட மாதிரி போனது, குப்புற விழுந்து எழுந்தது, சத்தமில்லாமல் இறங்கியது. அதன் நிழல் அதனளவுதான் இருந்தது, மேலே போகப்போகத் துண்டு அளவுக்குச் சுருங்கி, உலர்ந்த சிமெண்டின்மேல் யாரோ தவறவிட்டுப் போன கைக்குட்டை மாதிரி நகர்ந்தது. உங்க பிளேன் அழகுதான் அண்ணாச்சி, நிழல்தான் பத்தாது என்று ஆறுதல் சொன்னார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. நண்பகலில் பறக்கவிட்டுப் பார்த்தார், காலையில் பார்த்தார், ரெக்கைக்கு அடியில் கறுப்பு அடித்துப் பார்த்தார், யாரும் பார்க்காதபோது டேப் வைத்து நிழலை அளக்கப் போய் விமானம் புளியமரத்தில் மோதப் பார்த்தது. பெயிண்டாவது மண்ணாவது என்று சந்தனத்தை அள்ளிப் பூசினார், ஒரு கூடை எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். கடைசியில் பூவலிங்கத்தின் கடைக் குப்பையிலிருந்தே சன்போர்டு பொறுக்கிவந்து அவன் செய்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தார், ஆனால் அந்தக் கைக்குத் தப்புக்கூடச் சுத்தமாகத்தான் வந்தது. அந்த விமானமும் நேராகப் பறந்து துண்டளவு நிழலைப் போட்டது.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனபோது, செண்பகவடிவு தலையில் கட்டு இல்லாமல் இருந்தாள். தங்கச்சியோடு வட்டத்துக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, அவிழ்ந்த தலையைக் கோதிக்கொண்டு, நிழல் வருகிறபோதெல்லாம் கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் காட்டினாள். நெற்றிச் சுருக்கம் இல்லை. அவர் எத்தனையோ வருஷமாகப் பார்க்காத முகம் அது, பெண் பார்க்கப் போன அன்று பார்த்த முகம். ஏங்க, தலைவலி விட்டே போச்சுங்க என்று அவரிடமே சந்தோஷமாகச் சொன்னாள். மேலே அவருடைய அரை முகம் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பறந்து போனது. தன் பெண்டாட்டி இன்னொருத்தன் நிழலில் சுகமாக இருக்கிறாள் என்றால், அது வெறும் நிழல்தானே என்று உங்களாலும் என்னாலும் சொல்லமுடியும், அவரால் முடியவில்லை. அவளை ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, தன் நிழலில் இப்படி உட்காரவைத்துவிடவேண்டும் என்று அவர் அங்கேயே நின்று ஆசைப்பட்டார். அதைத் தவிர வேறு எந்த ஆசையும் அவருக்கு மிச்சமில்லை.

கத்திரி வெயில் பிறந்த வாரத்தில் ஒரு பருந்து பூவலிங்கத்தின் விமானத்தைத் தன் இனம் என்று நினைத்தோ வேண்டாதவன் என்று நினைத்தோ வந்து அடித்தது, விமானம் பனைமரத்தில் மோதி இடது ரெக்கை தொங்கப் போய் விழுந்தது. ஊர் அதை ஒரு கட்டிலில் கிடத்தித் தூக்கிக்கொண்டு நேராகப் பல்செட்டு அண்ணாச்சியிடம்தான் வந்தது. உங்க கையாலதான் சரியாகும் என்றார்கள். பூவலிங்கம் கண் கலங்கி நின்றான். எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணிக் குடுத்துருங்க அண்ணாச்சி, ஜனங்க வெயிலுல கெடக்குது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவர் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, விமானத்தை மேசைமேல் வைத்துப் பார்த்தார். உடைத்துப் போட்டுவிட்டு முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம், அவ்வளவு கெட்டவரில்லை. இருந்தபடியே ஒட்டிக் கொடுத்திருக்கலாம், அவ்வளவு நல்லவரும் இல்லை. அவர் அதைத் திருத்தினார். குட்டை ரெக்கையை அடியோடு அறுத்தெடுத்துவிட்டு, வலது ரெக்கைக்குச் சமமாகப் பால்சா மரத்தில் புது ரெக்கை செய்து பூட்டினார். கோணல் வாலை நிமிர்த்தினார். கனம் எந்தப் பக்கமும் சாயாதபடி மூக்கில் ஈயம் வைத்தார். கைத்தொழிலைச் சுத்தமாகச் செய்தேன், அதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திருத்தினால் அது தன் விமானம் மாதிரி ஆகிவிடும், தன் விமானத்துக்கு என்ன நிழலோ அதுதான் அதற்கும் என்று அந்தக் கைக்கு நன்றாகவே தெரியும். அறுத்தெடுத்த ரெக்கையைக் குப்பையில் போட்டால் எவனாவது பார்ப்பான், அடுப்பில் போடலாம் என்றால் தன் முகம் பார்க்கிறது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்.

மறுநாள் அந்த விமானம் பறந்த அழகைச் சொல்லி மாளாது. ஒருச்சாயவில்லை, இரையவில்லை, வெண்ணெயில் கத்தி போன மாதிரி போனது. வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் முகத்தைத் தூக்கிக் காத்திருந்தார்கள். துண்டளவு நிழல் ஒன்று ஆவுடையம்மாளின் தோளில் ஏறி இறங்கிப் போனது.  சரி, இருந்த மட்டும் இருந்துச்சு என்று எழுந்து தலையில் துணியைக் கட்டிக்கொண்டார்கள். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பூவலிங்கம் ஓடிவந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டு, எவ்வளவு அழகாப் பறக்குது பாருங்க அண்ணாச்சி, நானெல்லாம் ஜென்மத்துக்கும் இப்படிச் செய்யமுடியாது என்றான். நிஜமாகவேதான் சொன்னான், அவனுக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.  ஜெயித்துவிட்ட ஞானசிகாமணி செண்பகவடிவைத் தேடினார், அவள் தலைக்கட்டை இறுக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது வாசலில் நிழல் கிடந்தது. ரன்வேயை ஒட்டின கடைசித் தெரு, மரம் மட்டை இல்லாத வாசல், அதில் மூக்கும் வாலும் ரெக்கையுமாக ஒரு முழு விமானத்தின் நிழல் படுத்திருந்தது, சூரியன் கிழக்கே இருந்தாலும் மேற்கே போனாலும் அது அந்த வாசலை விட்டு நகரவில்லை. செண்பகவடிவு அதற்குள் பாய் விரித்திருந்தாள். ஆவுடையம்மாள் ஏற்கெனவே வந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பஸ் நிற்கிற இடம் மாறினால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான் ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. நிழல் இனிமேல் பல்செட்டு அண்ணாச்சி வீட்டில், அங்கே பேட்டரி தேவையில்லை, முறை தேவையில்லை, கமிட்டியைக் கலைத்துவிடலாம். மிளகாய் ஆய, பிள்ளைக்குப் பால் கொடுக்க, பெண் பேச, பேன் பார்க்க, எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அங்கே வந்தார்கள். அண்ணாச்சி நிழல் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அண்ணாச்சி கை பட்டா சும்மாவா என்று பூவலிங்கமே வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டு, அதன் வால் பக்கத்தில் சுருண்டு படுத்துக் குறட்டை விட்டான்.

ஆசைப்பட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. ஊர் வாயில் அவர் பேர், வாசலில் நிழல், நிழலுக்குள் மனைவி, மனைவி நெற்றியில் சுருக்கம் இல்லை. ஆனால் வாசற்படியில் கால் வைக்கிறபோதெல்லாம் அவர் கண்ணில் வேறெதுவும் படவில்லை, இடது ரெக்கை ஒரு சாண் குட்டையாக இருந்தது மட்டும்தான் பட்டது. செண்பகவடிவு மத்தியானத்தில் அந்தக் குட்டை ரெக்கையில்தான் தலை வைத்துத் தூங்கினாள். சொந்த வீட்டில், சொந்த வாசலில், சகலையின் ரெக்கையில் அவள் தலை வைத்துத் தூங்குவதைத் தாண்டித்தான் அவர் தண்ணீர் குடிக்கப் போகவேண்டியிருந்தது. அவர் அந்த நிழலுக்குள் கால் வைக்கவே இல்லை, சுவரோடு ஒட்டி நடந்து, வெயில் விழும் ஓரமாகவே வீட்டுக்குள் போய்வந்தார்.

கடைசியில் வீட்டிலேயே இருக்கமுடியாமல், உச்சிவெயிலில் தன் ஹரிக்கேனைத் தூக்கிக்கொண்டு ரன்வேக்குப் போய்விடுவார். களத்தில் ஒரு ஈ காக்காய் இருக்காது, எல்லாரும் அவர் வீட்டு வாசலில். அவர் விமானத்தைத் தாழப் பறக்கவிட்டு, அந்தத் துண்டளவு நிழலுக்குள் தன் தலையை வைத்துவிடவேண்டும் என்று ரிமோட்டும் கையுமாகக் கொதிக்கிற சிமெண்டில் அதன் பின்னாலேயே ஓடுவார். விமானம் திரும்பினால் அவரும் திரும்புவார். தலை உள்ளே போய்விட்டது என்று நினைக்கிற நேரத்தில் நிழல் தோளுக்கு நழுவிவிடும். தூரத்திலிருந்து பார்த்தவர்கள், அண்ணாச்சி புதுசா ஏதோ செஞ்சு பாக்கிறாரு என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

செண்பகவடிவு கூழ்வத்தல் பிழிய மொட்டைமாடிக்குப் போன நாளில், தொட்டிக்குப் பின்னால் புருஷனின் அரை முகம் வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், மாடியிலிருந்து ரன்வேயில் ஓடிக்கொண்டிருந்த முழு ஆளையும் பார்த்தாள். பிறகு கீழே இறங்கி, வாசல் நிறைய உட்கார்ந்திருந்த கூட்டத்தைத் தாண்டி, தலையில் துணிகூடக் கட்டாமல் வெயிலில் நடந்து அவரிடம் போனாள். அவர் ஓட்டத்தை நிறுத்தினார். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது.

"உங்க மூஞ்சியத்தான் ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்றாள் செண்பகவடிவு. "நாளைக்கு அதத் தங்கச்சி வீட்டுல கொண்டுபோய்க் குடுத்துருங்க. கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், அந்தத் தம்பியே ஒட்டிக்கிடட்டும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, சரி என்றார். விமானம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அண்ணாந்து அதைப் பார்த்தாள், நெற்றியில் கையை வைத்து, முதல் நாள் பார்த்த மாதிரியே பார்த்தாள். பார்த்துவிட்டு, எங்க, உங்க நிழல் எங்க என்று கேட்டு, சிமெண்டில் ஓடிக்கொண்டிருந்த அந்தத் துண்டைத் தேடிப் பிடித்து அதன் கூடவே நடக்க ஆரம்பித்தாள். அவர் வேகத்தைக் குறைத்தார், எவ்வளவு மெதுவாக ஓட்டினால் விழாமல் பறக்குமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினார், அவள் ஓட்டமும் நடையுமாக வட்டம் சுற்றினாள். நிழல் அவள் உச்சந்தலையில் ஏறியது, நழுவியது, மறுபடி ஏறியது. அவள் நெற்றியில் அந்தப் பழைய சுருக்கம் விழத் தொடங்கியிருந்ததை அவர் பார்த்தார்.

"குளுகுளுன்னு இருக்கா வடிவு?"

"ம்... நல்லா இருக்குங்க."

பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், பேட்டரி தீருகிற வரைக்கும் அவர் விமானத்தை இறக்கவில்லை.